தென்னாப்பிரிக்காவில் ஆன்லைன் கல்லூரி வகுப்பு: புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ டர்பனுக்கோ ஜோஹன்னஸ்பர்குக்கோ வந்து, இங்குள்ள ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக ஆன்லைன் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது டர்பன், எடுப்பது புள்ளியியல். நீங்கள் கணக்கியலோ நர்சிங்கோ எடுத்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

கோவிட் காலத்தில் ஊரிலேயே ஜூமில் பாடம் எடுத்துப் பழகிவிட்டோமே, இதில் என்ன புதிது என்று நினைத்து வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். மென்பொருள் அதேதான். மாணவர் கையில் இருக்கும் போன், அதில் மிச்சமிருக்கும் டேட்டா, அவர் உட்கார்ந்திருக்கும் அறை, இவை மூன்றும் வேறு. வகுப்பு அமைதியாக இருந்தால் மாணவருக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பதில் சொல்ல அவருக்கு என்ன செலவாகிறது என்று முதலில் பாருங்கள். கீழே உள்ள பெரும்பாலான யோசனைகள் அந்தச் செலவைக் குறைக்கத்தான்.

1. பேப்பர் வேலையை ஊரிலேயே தொடங்குங்கள்

வெளிநாட்டுப் பட்டம் என்றால் கல்லூரி முதலில் கேட்பது சாக்கா மதிப்பீட்டுச் சான்றிதழ். சாக்கா என்பது தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம். இந்த நாட்டின் தகுதி அடுக்கில் மொத்தம் 10 படிகள்; இளநிலைப் பட்டம் 7, ஆனர்ஸ் 8, முதுநிலை 9, முனைவர் பட்டம் 10. பாடம் நடத்துபவர் தான் நடத்தும் படிப்பைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. உங்கள் எம்.எஸ்சி. எந்தப் படி என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. சான்றிதழில் வரும் எண்தான் கணக்கு. அதைப் பார்த்த பிறகே எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பட்டச் சான்றிதழோடு எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியலையும் கலர் ஸ்கேனாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் இழுப்பது நம் ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து சரிபார்ப்புப் பதில் வருவதில்தான். எனக்கு வேலை தொடங்கும் தேதியே இதனால் தள்ளிப்போனது. விமானம் ஏறுவதற்கு முன்பே தேர்வுப் பிரிவுக்குப் போய், இந்தச் சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு யார் பதில் போடுவார், அதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள். பல்கலைக்கழகங்கள் சில தனியாகப் பணம் வாங்கும்; அதைக் கட்டாமல் கோப்பு நகராது.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இனிஷியல். சான்றிதழில் "செ. குமரன்" என்றும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுசாகக் குடும்பப் பெயராகவும் இருக்கும். இங்குள்ள அலுவலருக்கு இவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். இருவரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையில் வைத்திருங்கள். இங்குள்ள காவல் நிலையத்திலேயே இலவசமாக உறுதிமொழி வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். நகல்களில் "அசலோடு ஒத்துப்பார்த்தேன்" என்ற முத்திரையும் அங்கேயே இலவசம்தான். அதற்காக ஒரே நாளில் ஒரு கட்டு நகலுக்கு முத்திரை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பெரும்பாலான இடங்களில் ஏற்கமாட்டார்கள். வங்கிக் கடிதத்துக்கும் முகவரிச் சான்றுக்கும் பொதுவாக இதே மூன்று மாதக் கணக்குதான்.

விசா பற்றி ஒன்று. கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவோடு துணையாக வந்திருப்பவர்கள், அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. வீட்டிலிருந்து லேப்டாப்பில் பாடம் எடுப்பதும் வேலைதான். "ஆன்லைன்தானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்புறம் ஒப்பந்தம். பகுதி நேர ஆசிரியருக்குப் பெரும்பாலும் வகுப்பு மணிக்கு இவ்வளவு என்று சம்பளம். ஆன்லைன் வகுப்பில் நேரலை மணி குறைவு, விடைத்தாள் திருத்துவதும் மாணவர் கேள்விக்குப் பதில் எழுதுவதும் அதிகம். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: திருத்துவதற்குத் தனிப் பணமா? பதிவு செய்யும் வீடியோவுக்கு மணிக்கணக்கு உண்டா? அடுத்த ஆண்டு என் பதிவுகளை வேறொருவர் பயன்படுத்தலாமா? வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

வரி எண்ணையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாரத்துக்கு 22 மணிக்குக் குறைவாக வேலை செய்பவருக்குப் பொதுவாக 25 சதவீதம் நேராகப் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் வரும். முதல் மாதச் சீட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். உங்கள் மொத்த வருமானத்துக்கு அவ்வளவு வரி இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்யும்போது மிச்சம் திரும்பி வரும்.

2. கிரெடிட்டை மணியாக மாற்றிப் பாருங்கள்

பாட விவரத்தில் "16 கிரெடிட்" என்று இருக்கும். இங்கே ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவிடும் 10 மணி நேரம்; வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து. ஆக 160 மணி. தேர்வுத் தயாரிப்புக்குக் கொஞ்சம் ஒதுக்கி, மீதியை 13 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பத்து மணி சுமாருக்கு வரும். அதில் உங்கள் நேரலை வகுப்பு இரண்டு மணி என்றால், மிச்ச எட்டு மணி மாணவர் என்ன செய்யப்போகிறார்? இந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் பாடத்திட்டம். பலர் இரண்டு மணிக்கு மட்டும் திட்டம் போட்டுவிட்டு, எட்டு மணியை "சுயமாகப் படிக்கவும்" என்று விட்டுவிடுகிறார்கள். வகுப்பு கைவிட்டுப் போவது அங்கேதான்.

ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். இந்த வாரம் இதைப் பாருங்கள் (எத்தனை நிமிடம், எத்தனை எம்பி), இதைப் படியுங்கள், இதைச் செய்து இந்த நாள் இத்தனை மணிக்குள் அனுப்புங்கள். எல்லா வாரமும் ஒரே அமைப்பு, ஒரே கெடு நாள். கெடு நாள் வாரத்துக்கு வாரம் மாறினால் வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்கள் முதலில் தவறவிடுவார்கள்.

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். ஏப்ரலைச் சுற்றிப் பொத்தல்கள் அதிகம்: மார்ச் 21, ஈஸ்டர், ஏப்ரல் 27, மே 1. பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்களும் விடுமுறை. முதல் இரண்டு வாரம் மதிப்பெண்ணுக்கு எதையும் வைக்காதீர்கள். சேர்க்கை முடியாமல், உதவித்தொகை கைக்கு வராமல் பலர் தாமதமாகத்தான் உள்ளே வருவார்கள்.

இன்னொன்று: தேர்வுத் தாளையும் அதன் மெமோவையும், அதாவது விடைக்குறிப்பையும், செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே கேட்பார்கள். வேறொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இறுதியாண்டுப் பாடம் என்றால் வெளியிலிருந்தும் ஒருவர் பார்ப்பார். பாடம் நடத்தி முடித்துவிட்டுக் கேள்வி எழுதலாம் என்ற ஊர்ப் பழக்கம் இங்கே நடக்காது.

3. முதல் வாரமே நான்கு கேள்வி கேளுங்கள்

பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்னப் படிவம் அனுப்புங்கள். எதில் படிக்கிறீர்கள், போனா லேப்டாப்பா? இணையம் எங்கே கிடைக்கிறது, வீட்டிலா விடுதியிலா கல்லூரி வளாகத்திலா? வேலைக்குப் போகிறீர்களா, எந்த நேரம்? எந்த நேரத்தில் கண்டிப்பாக முடியாது? அவ்வளவுதான். பெயருக்குப் பக்கத்தில் இந்த நான்கு விவரமும் இருந்தால் செமஸ்டர் முழுக்க உதவும்.

பதில்கள் வரும்போது சில விஷயம் தெரியவரும். வளாக வைஃபையை நம்பிப் படிப்பவர்கள் இருட்டுவதற்குள் பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். இரவு ஏழு மணி வகுப்புக்கு அவர்களால் வர முடியாது. வேலை பார்ப்பவர்களுக்கோ ஏழு மணிதான் ஒரே வழி. சனிக்கிழமை வைக்கலாமே என்று தோன்றும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஷெம்பே என்ற உள்ளூர்க் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள் நிறைய. அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளி நண்பகல் முஸ்லிம் மாணவர்களுக்குத் தொழுகை. எல்லோருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடி ஒரு வாரத்தை வீணாக்காமல், பெரும்பான்மைக்குப் பொருந்தும் ஒரு நேரத்தை வைத்து, வராதவர்களுக்குக் குறைவு வராதபடி மற்ற வேலைகளை அமையுங்கள்.

4. எம்பி கணக்கு போடப் பழகுங்கள்

இதுதான் நான் அதிகம் வலியுறுத்துவது. பெரிய இரண்டு நெட்வொர்க்குகளிலும் 30 நாள் 1 ஜிபி டேட்டா 2021-லேயே 85 ராண்டாக இருந்தது. குழு வீடியோ வகுப்பு ஒரு மணி நேரம் ஓடினால், தரத்தைப் பொறுத்து, அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கும் மேலே போகும். வாரம் இரண்டு மணி நேரலை என்றால் மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு மட்டும் அது. மாணவர் எடுப்பது நான்கைந்து பாடம். அதே வகுப்பைக் குரல் மட்டும் கேட்டால் மணிக்கு முப்பது, நாற்பது எம்பிக்குள் முடிந்துவிடும்.

எனவே நேரலையில் உங்கள் முகம் முதல் ஐந்து நிமிடம் தெரிந்தால் போதும். அப்புறம் கேமராவை அணைத்துவிட்டு ஸ்லைடும் குரலும் மட்டும். மாணவர்களைக் கேமரா போடச் சொல்லாதீர்கள். டேட்டா ஒரு காரணம். ஒரே அறையில் தம்பி தங்கை தூங்கிக்கொண்டிருப்பதை வகுப்பே பார்க்க வேண்டாம் என்பது இன்னொரு காரணம். கேமரா போட்டால்தான் வருகைப்பதிவு என்று விதி வைத்த வகுப்புகளில் நடப்பது என்னவென்றால், ஆள் வருவதே நின்றுவிடும்.

பதிவு செய்யும் வீடியோவை நீட்டாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரம் பாதிப்பேருக்கு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐம்பது நிமிடப் பாடத்தை ஏழெட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தலைப்பு வையுங்கள். "விரிவுரை 3, பகுதி 2" என்று வைத்தால் யாருக்கும் உதவாது. "இடைநிலை எப்போது சராசரியைவிட நல்லது" என்று வைத்தால், தேர்வுக்கு முந்தின இரவு தேடுகிறவர் நேரே அங்கே போவார். தெளிவு 480 போதும், எழுத்து பெரிதாக இருந்தால். போன் திரையில் உங்கள் ஸ்லைடைத் திறந்து பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்து சின்னது.

ஒவ்வொரு வீடியோவோடும் அதன் ஒலியை மட்டும் தனிக் கோப்பாகவும், ஸ்லைடைப் பிடிஎஃப் ஆகவும் போடுங்கள். விநாடிக்கு 32 கிலோபிட் தரத்தில் சேமித்தால் பத்து நிமிட ஒலி 2.4 எம்பிதான் வரும். பேச்சுக்கு இந்தத் தரம் தாராளம். டாக்சியில் போகும்போது கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இங்கே இரண்டு பொறி. ஒன்று, யூடியூப் இணைப்பு. சில கல்லூரிகளின் பாடத் தளம் டேட்டா பிடிக்காத ஜீரோ ரேட்டட் பட்டியலில் இருக்கும். ஐடி பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி இருந்தாலும், தளத்துக்குள் நீங்கள் ஒட்டிய யூடியூப் வீடியோ மாணவரின் சொந்த டேட்டாவைத்தான் தின்னும். கோப்பை நேராகத் தளத்திலேயே ஏற்றுங்கள். இரண்டு, வாட்ஸ்அப் பண்டில். வாட்ஸ்அப்புக்கு மட்டும் மலிவாகக் கிடைக்கும் பண்டில்தான் பலரிடம் இருக்கும். குழுவில் நீங்கள் போடும் இணைப்பை அழுத்தியதும் அது வாட்ஸ்அப்பை விட்டு வெளியே போய்விடும், திறக்காது. இணைப்பு அனுப்பாமல் கோப்பையே அனுப்புங்கள்.

இரவு டேட்டாவும் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து விடியும் வரை மட்டும் செல்லுபடியாகும் டேட்டா இங்கே சகஜம். 2020-இல் பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்குக் கொடுத்த மாத 30 ஜிபியில் 20 ஜிபி இரவுக்குத்தான். பெரிய கோப்பை எல்லோரும் இரவில்தான் இறக்குவார்கள். ஆகவே அடுத்த நாளுக்கு வேண்டியதை முந்தின மாலைக்குள் ஏற்றிவிடுங்கள். காலை எட்டு மணிக்கு ஏற்றி, பத்து மணிக்கு அதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் பார்க்காமல்தான் வருவார்கள்.

5. நேரலையைப் பேச வைக்கும் நேரமாக மாற்றுங்கள்

விரிவுரை பதிவிலேயே இருக்கிறது. நேரலையில் அதையே மறுபடி வாசிக்காதீர்கள். இரண்டு மணி கிடைத்தாலும் நான் ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதியைச் சந்தேகம் கேட்பவர்களுக்காக விட்டுவிடுவேன்.

தொடக்கத்தில் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். ஜூலு பெயர்களில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் உண்டு. முதல் வாரமே அந்தந்த மாணவரிடம் "உங்கள் பெயரை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டு, தமிழில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னாலும் முயற்சிக்கு மதிப்பு உண்டு. வகுப்புக்கு ஒரு "சனிபோனானி" (ஜூலுவில் எல்லோருக்கும் வணக்கம்) சொல்லித் தொடங்கினால் அரட்டைப் பெட்டியில் பதில் கொட்டும்.

பட்டியலில் கோவெந்தர், மூட்லி, நாயுடு, பிள்ளை என்று பார்த்ததும் நமக்கு மனசு குளிரும். உடனே தமிழில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வீட்டு மொழி தலைமுறைகளாக ஆங்கிலம்தான். காவடி, மாரியம்மன் கூழ் பூஜை எல்லாம் நம்மைவிடச் சிரத்தையாகச் செய்பவர்கள் அவர்களில் உண்டு. தமிழ் பேச வராது, அவ்வளவுதான். வகுப்பில் மற்றவர்கள் இருக்கும்போது நமக்குள் தனியாக ஒரு கூட்டணி போலத் தெரிவதும் நல்லதில்லை.

கேள்வி கேட்கும் முறை பற்றி. "புரிந்ததா?" என்று கேட்டால் எந்த நாட்டிலும் பதில் வராது. விடை ஓர் எழுத்தில் வரும்படி கேளுங்கள்: "சராசரி கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? அ, ஆ, இ என்று தட்டுங்கள்." முதலில் எழுத்து, அப்புறம் "ஆ போட்டவர்களில் யாராவது ஒருவர் ஏன் என்று எழுதுங்கள்", அதற்கப்புறம்தான் மைக். இந்த வரிசையில் போனால் மூன்றாவது வாரத்திலிருந்து தாமாகவே மைக்கைத் திறப்பவர்கள் வருவார்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நேர்முக வகுப்பிலேயே ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். ஆன்லைனில் நெட்வொர்க் தாமதம், தட்டச்சு நேரம் எல்லாம் சேர்கிறது. மனசுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். முதல் வகுப்பில் அது யுகமாகத் தெரியும்.

நம் ஆங்கிலம் வேகம். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழி. இரண்டு உச்சரிப்பும் மோசமான லைனில் சந்தித்தால் ஒன்றும் விளங்காது. வேகத்தைக் குறைத்து, முக்கியமான சொல்லைத் திரையிலும் எழுதுங்கள். சிறு குழுவாகப் பிரிக்கும்போது அவர்கள் ஜூலுவிலோ கோசாவிலோ பேசிக்கொள்ளட்டும். திரும்பி வந்து ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால் போதும். நீங்கள் குழுவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும், அதனால் அடிக்கடி நுழையாதீர்கள். குழுவுக்கு நால்வர், ஐந்தாறு நிமிடம், முடிவில் ஒரே ஒரு விடையை அரட்டையில் ஒட்ட வேண்டும். விடை கேட்காமல் "கலந்து பேசுங்கள்" என்று அனுப்பினால் நால்வரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள்.

என் வகுப்பில் நன்றாக வேலை செய்யும் பயிற்சி டாக்சிக் கட்டணம். ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து நகர மையத்துக்கு, டர்பன்காரர்கள் என்றால் வார்விக் ஜங்ஷனுக்கு, எவ்வளவு கொடுக்கிறார் என்று ஒரு பொதுத் தாளில் எழுத வேண்டும். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், உம்லாசி என்று பக்கத்து ஊர்கள் ஒரு கொத்தாக விழும். வெகு தொலைவிலுள்ள ஜோசினியிலிருந்து ஒருவர் எழுதியதும் சராசரி எகிறும், இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் எண், அசையாது. "ஏன்?" என்று நான் கேட்கும் முன்பே சண்டை தொடங்கிவிடும். உங்கள் பாடத்துக்கும் இதுபோல எல்லோரிடமும் ஆளுக்கொரு பதில் இருக்கிற ஏதாவது இருக்கும், தேடுங்கள்.

மின்வெட்டு 2023-இல் இருந்ததுபோல இப்போது இல்லை. ஆனாலும் ஏரியா வாரியாகப் போவதும், கேபிள் திருட்டில் நாள்கணக்கில் போவதும் உண்டு. மின்சாரம் நீண்ட நேரம் இல்லையென்றால் செல்போன் கோபுரத்து பேட்டரியும் இறங்கி நெட்வொர்க் படுத்துவிடும். நேரலையில் பாதியில் காணாமல் போனவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். நீங்களே காணாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முதல் வாரமே சொல்லிவையுங்கள்: பத்து நிமிடம் காத்திருங்கள், நான் வராவிட்டால் இன்றைய பயிற்சியைச் செய்து அனுப்புங்கள், பதிவு நாளைக்குள் வரும்.

6. வாட்ஸ்அப் குழு: வேண்டும், விதியோடு

வேண்டாம் என்று நினைத்தாலும் மாணவர்களே நீங்கள் இல்லாமல் ஒன்று தொடங்கிவிடுவார்கள், அதில் தப்பான கெடு தேதிகள் சுற்றும். ஆனால் குழுவில் சேர்த்தால் ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரியும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே பொப்பியா என்பார்கள், 2021 ஜூலையிலிருந்து முழுவீச்சில் அமலில் இருக்கிறது. ஆகவே யாரையும் நீங்களாகச் சேர்க்காமல், சேரும் இணைப்பைப் பாடத் தளத்தில் போட்டு, விரும்பியவர் சேரட்டும் என்று விடுங்கள். மதிப்பெண் பட்டியலை ஒருபோதும் குழுவில் போடாதீர்கள், மாணவர் எண் மட்டும் இருந்தாலும் சரி. முக்கிய அறிவிப்பு முதலில் தளத்தில், அப்புறம் குழுவில்.

உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காமல் தனி சிம் வாங்குங்கள். சிம் பதிவுக்குப் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பதில் சொல்லும் நேரத்தைக் குழுவின் விவரத்திலேயே எழுதிவிடுங்கள். இரவு 11 மணிக்கு ஒருமுறை பதில் போட்டீர்களோ, அப்புறம் தினமும் 11 மணிதான்.

7. மதிப்பெண், டிபி, செயற்கை நுண்ணறிவு

டிபி, அதாவது இறுதித் தேர்வு எழுதும் தகுதி, இங்கே மாணவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். ஆண்டு முழுக்கச் செய்த வேலையில் குறைந்தபட்ச மதிப்பெண், பல இடங்களில் 40 சதவீதம், எடுத்திருந்தால்தான் இறுதித் தேர்வு எழுதலாம். உங்கள் கல்லூரியின் விதியைக் கேட்டு, முதல் வாரமே அவர்களுக்குப் புரியும்படி எழுதிப் போடுங்கள். பெரிய அசைன்மென்ட் இரண்டோடு நிறுத்தினால் ஒன்று தவறியவர் கதை முடிந்தது. அதற்குப் பதில் வாரச் சின்னப் பயிற்சி பத்து வைத்து, சிறந்த எட்டை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். மின்சாரம் போச்சு, போன் உடைந்தது என்று வரும் மின்னஞ்சலில் பெரும்பகுதி அதோடு நின்றுவிடும். உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் வேலையும் மிச்சம். இந்தத் திட்டத்துக்குத் துறைத் தலைவரின் ஒப்புதல் செமஸ்டர் தொடங்கும் முன்பே வேண்டும். நடுவில் மாற்ற விடமாட்டார்கள்.

கெடு நேரத்தை நள்ளிரவு 11:59 என்று வைப்பது வழக்கம். நான் நண்பகல் வைக்கிறேன். இரவு டேட்டாவில் செய்பவர் காலையில் அனுப்பலாம், வளாகத்துக்கு வருபவர் வந்து அனுப்பலாம், சிக்கல் வந்தால் ஐடி உதவிப் பிரிவும் திறந்திருக்கும்.

திருத்திய தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர முயலுங்கள். எல்லோருக்கும் நீளமாக எழுத முடியாது. பொதுவாக வந்த மூன்று தவறுகளை ஐந்து நிமிடக் குரல் பதிவில் விளக்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, தனித்தனியாக ஒரே வரி: அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும்.

சாட்ஜிபிடி விடைகள் வரும். கண்டுபிடிப்பான் மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து யார் மேலும் குற்றம் சாட்டாதீர்கள்; கேப்டவுன் பல்கலைக்கழகமே 2025 அக்டோபரிலிருந்து அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. மேலே சொன்ன டாக்சிக் கட்டணம் மாதிரி மாணவரின் சொந்தத் தரவில் கேள்வி கேளுங்கள். விடையோடு இரண்டு நிமிடக் குரல் பதிவும் கேளுங்கள்: "மூன்றாவது படியில் ஏன் இந்தச் சூத்திரத்தை எடுத்தாய்?" எழுதியவர் யார் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை, அதோடு இறுதித் தேர்வுக் காலத்தில் வந்து விழும். தேர்வு அட்டவணை வரைவாக வந்ததுமே பாருங்கள். மத அனுஷ்டானத்துக்காக மாற்றுத் தேதி கேட்க வழி இருந்தால் அதற்கும் ஒரு கெடு இருக்கும். உங்கள் மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

8. நான்காவது வாரம் பட்டியலைத் திறங்கள்

உங்கள் பாடத் தளம் மூடுலோ, பிளாக்போர்டோ, கேன்வாஸோ, எதுவானாலும் யார் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும். நான்காவது வாரம் அதைப் பார்த்து, பத்து நாளாக வராதவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். "ஏன் வரவில்லை, வராவிட்டால் டிபி கிடைக்காது" என்ற தொனி வேண்டாம். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் நோம்சா, சென்ற இரண்டு பயிற்சியும் உங்களிடமிருந்து வரவில்லை. காரணம் எது? 1 டேட்டா இல்லை, 2 பாடம் புரியவில்லை, 3 வேலை நேரம், 4 வேறு. எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்."

எண் அனுப்புவதற்கு யாரும் யோசிப்பதில்லை. 1 என்றால் கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். 2 என்றால் பத்து நிமிடக் குரல் அழைப்பு. 3 என்றால் மாற்றுக் கெடு. 4 என்று வந்தால் என்ன என்று துருவாமல், ஆலோசகரின் தொடர்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். எட்டாவது வாரத்தில் இதைச் செய்தால் பயனில்லை. அதற்குள் டிபி கைவிட்டுப் போயிருக்கும்.

9. உங்கள் பக்கச் செலவு

ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ். சில நூறு ராண்டில் கிடைப்பதே இரண்டு மணி வகுப்புக்குத் தாங்கும். ஃபைபர் இணைப்போடு, வேறொரு நெட்வொர்க்கின் சிம்மில் கொஞ்சம் டேட்டா எப்போதும் இருக்கட்டும். கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள், மைக்குக்குச் செய்யுங்கள். காலரில் மாட்டும் மலிவான மைக்கே லேப்டாப் மைக்கைவிட எவ்வளவோ மேல், அதிலும் பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்கும் ஊரில்.

ரசீதுகளைத் தேதிவாரியாக வையுங்கள். வரி ஆண்டு மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை; தாக்கல் வழக்கமாக ஜூலையிலிருந்து அக்டோபருக்குள். சம்பளமும் பிடித்த வரியும் எழுதிக் கல்லூரி தரும் ஐஆர்பி5 சான்றிதழ் இல்லாமல் அந்த 25 சதவீதத்தில் எதையும் திரும்பக் கேட்க முடியாது, ஒப்பந்தம் முடிந்து போனாலும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு அலுவலகச் செலவைக் கழிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். வேலையில் பாதிக்கு மேல் வீட்டில் நடக்க வேண்டும், அந்த அறையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துப் பாடம் எடுப்பவருக்கு அது கிடைக்காது.